சுத்தமான தொட்டியில் மீன் ஏன் செத்தது?

இந்த மாதப் பாடத்தை ஒரு கொலையிலிருந்து தொடங்குகிறேன். கொன்றது நான்தான். செத்தது நாலு கோல்டு ஃபிஷ்.

என் தம்பி தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். போன வருஷம் பாசார் மாலாமில் அழுது புரண்டு ஆறு கோல்டு ஃபிஷும் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும் வாங்கிக்கொண்டான். தொட்டி ஒன்றரை அடி நீளம், தண்ணி சுமார் 30 லிட்டர் பிடிக்கும். வீட்டுக்கு வந்த அன்றே தண்ணி ஊற்றி மீனைப் போட்டாச்சு. முதல் இரண்டு வாரத்தில் இரண்டு மீன் போய்விட்டது. மிச்சம் நாலும் எப்படியோ பிழைத்துக்கொண்டன.

செமஸ்டர் லீவுக்கு நான் வீட்டுக்கு வந்தேன். தொட்டியைப் பார்த்தால் கண்ணாடியெல்லாம் பச்சை, கல்லுக்குள் கசடு, ஃபில்டர் ஸ்பாஞ்ச் காப்பித்தூள் மாதிரி பழுப்பு. "என்னடா இப்படி வெச்சிருக்க?" என்று திட்டிவிட்டு, ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து கழுவினேன். கல்லைச் சுடுதண்ணியில் போட்டு எடுத்தேன். ஸ்பாஞ்சைப் பைப்படியில் வெள்ளையாகும் வரைக்கும் பிழிந்தேன். முதல் நாளே வாளியில் பிடித்து வைத்திருந்த புதுத் தண்ணியை ஊற்றினேன். தொட்டி கடையில் இருப்பது போல மின்னியது.

நாலே நாள். நாலு மீனும் போச்சு.

தம்பி அழவில்லை. "அக்கா, அழுக்கா இருந்தப்ப உயிரோடதானே இருந்துச்சு. சுத்தமானதும் ஏன் செத்துச்சு?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "சீக்கு மீனை வித்திருப்பான்டா கடைக்காரன்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அந்தப் பதில் பொய் என்று எனக்கே தெரிய இரண்டு மாதம் ஆனது. பல்கலைக்கழகத்தில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பற்றிய வகுப்பு. சாக்கடைத் தண்ணியில் இருக்கும் அம்மோனியாவைப் பாக்டீரியா எப்படி மாற்றுகிறது என்று விரிவுரையாளர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பாக்டீரியா தண்ணியில் மிதப்பதைவிட, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்வதையே விரும்பும் என்றார். எனக்கு அந்தப் பழுப்பு ஸ்பாஞ்ச் ஞாபகம் வந்தது. நான் பிழிந்து ஊற்றியது அழுக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

1. மீன் தன் கழிவுக்குள்ளேயே வாழ்கிறது

நாம் வீட்டில் சாப்பிடுகிறோம், கழிவறை தனியாக இருக்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை. மீன் தின்னும் தீனியில் புரதம் இருக்கிறது. அதை உடைக்கும்போது வரும் அம்மோனியாவை மீன் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. மிஞ்சிப்போன தீனி, அழுகிய இலை, மீனின் சாணம் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆற்றிலே இது ஒரு பொருட்டே இல்லை. 30 லிட்டர் தொட்டியில் அது போக இடமில்லை.

அம்மோனியா செவுளை அரிக்கும். அது எவ்வளவு விஷம் என்பதைத் தண்ணியின் பிஎச் அளவும் சூடும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவின் விஷப் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு கூடும். சூடு ஏறினாலும் அந்தப் பங்கு கூடும். வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் நம்ம ஊரில் இதை மறக்கக் கூடாது.

2. கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

இங்கேதான் பாக்டீரியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும்.

நைட்ரைட்டும் விஷம்தான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது கெடுத்துவிடும். தண்ணியில் காற்று இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. கொஞ்சம் அளவு வரை மீன் தாங்கும். செடிக்கு அது உரம்.

இந்த வேலையாட்கள் குடியிருக்கும் இடம் ஸ்பாஞ்ச், கல், கண்ணாடி, செடியின் இலை, கட்டை. அதிகமாக இருப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான். ஏனென்றால் ஆக்சிஜன் கலந்த தண்ணி அது வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்போது நான் செய்ததைப் பாருங்கள். பைப்புத் தண்ணியில் குளோரின் இருக்கிறது. கிருமியைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள். அந்தத் தண்ணியில் ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். கல்லைச் சுடுதண்ணியில் முக்கினேன். கண்ணாடியைத் தேய்த்தேன். ஒரே காலையில் வேலையாட்கள் மொத்தப் பேரையும் அனுப்பிவிட்டு, சாப்பிடுகிற நாலு பேரை மட்டும் உள்ளே விட்டேன். தண்ணி பளிங்கு மாதிரிதான் இருந்தது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

3. பாட்டியின் தொட்டி

தம்பியிடம் இதைச் சொன்னதும் அவன் கேட்ட அடுத்த கேள்வி: "அப்ப பாட்டி வீட்டுத் தொட்டி?"

எங்கள் பாட்டி தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே தொட்டியில் கப்பி மீன் வளர்ப்பவர். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்றுதான் விட்டார். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டிக்கொண்டார். ஃபில்டர் கிடையாது, பம்ப் கிடையாது. சுவரெல்லாம் பாசி. மேலே கொஞ்சம் ஆகாயத்தாமரை. பாட்டி அதைக் கழுவி நான் பார்த்ததே இல்லை. "தொட்டிய ரொம்ப நோண்டாதே" என்பார். மீன் குட்டி போட்டுக்கொண்டே இருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம் என்றால் கிட்டத்தட்ட 680 லிட்டர். அதில் இருபது சின்னக் கப்பி. தம்பியின் தொட்டியில் 30 லிட்டருக்கு ஆறு கோல்டு ஃபிஷ். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். நன்றாக வளர்த்தால் ஒரு சாணுக்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். சின்னத் தொட்டிக்கு அது ஏற்றதே இல்லை.

அடுத்தது, பாசி படிந்த சுவர் முழுக்க பாக்டீரியாவின் வீடு. ஆகாயத்தாமரையின் வேர் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். மழை பெய்தால் தொட்டி நிரம்பி வழியும், பழைய தண்ணி கொஞ்சம் வெளியே போகும். தீனியும் கொஞ்சம்தான், எப்போதாவது நாலு சோற்றுப் பருக்கை. மிச்சத்தைக் கொசு பார்த்துக்கொள்ளும்.

பொறியியல் மாணவி பாஷையில் சொன்னால், பாட்டியின் தொட்டியில் சுமை குறைவு, தாங்கும் திறன் அதிகம். எங்கள் தொட்டியில் சுமை அதிகம், திறனைக் கழுவி ஊற்றிவிட்டேன். மீன் வளர்ப்புப் பாடம் மொத்தமும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

4. புதுத் தொட்டியை எப்படித் தயார் செய்வது?

போன டிசம்பரில் தம்பியும் நானும் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை இரண்டடித் தொட்டி, சுமார் 54 லிட்டர். நாங்கள் செய்த வரிசையை அப்படியே தருகிறேன்.

இடம்: வெயில் நேராக விழாத இடம். நம்ம நாட்டில் ஹீட்டர் தேவையில்லை. சூடு ஏறாமல் பார்ப்பதுதான் வேலை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதனால் காற்று பம்ப்போடு ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்தோம். விலை குறைவு, இறால் குஞ்சையும் இழுக்காது. 54 லிட்டர் என்றால் 54 கிலோ. கல், கண்ணாடி எடையும் சேரும். ஆடும் மேசையில் வைக்காதீர்கள்.

தண்ணி: பைப்புத் தண்ணியில் ஆன்டி-குளோரின் கலந்தோம். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஆனால் சில இடங்களில் குளோராமைன் சேர்ப்பார்கள். அது அப்படிப் பறக்காது. ஆன்டி-குளோரின் ஊற்றிவிடுவதே பாதுகாப்பு.

காத்திருப்பு: இதுதான் தம்பிக்கு ரொம்பக் கஷ்டமான பாடம். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டான். அது அழுகி அம்மோனியா வரும். அதைத் தின்ன பாக்டீரியா வந்து சேரும். இதற்குச் சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சொட்டு மருந்து மாதிரி இருக்கும் சோதனைப் பெட்டி வாங்கி, பள்ளி நோட்டில் எழுதி வந்தான். 9-ஆம் நாள் அம்மோனியா 2 பிபிஎம். 20-ஆம் நாள் அம்மோனியா இறங்கியது, நைட்ரைட் ஏறியது. 38-ஆம் நாள் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருந்தது. அன்றுதான் மீன் கடைக்குப் போனோம்.

சீக்கிரம் ஆக வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. நல்ல நிலையில் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். அவருடைய வேலையாட்கள் உங்களிடம் வேலைக்கு வந்துவிடுவார்கள்.

5. யாரை உள்ளே விடலாம்?

செடி: மீனுக்கு முன்னால் செடி. ஜாவா ஃபெர்ன் ரொம்ப சுலபம். அதன் தண்டை மண்ணுக்குள் புதைக்காமல் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிடுங்கள். புதைத்தால் அழுகும். ஜாவா மாஸ் இறாலுக்குப் பிடித்த செடி. கிரிப்டோகோரைன் நம்ம நாட்டு ஓடைகளிலேயே இயற்கையாக வளரும் இனம். இடம் மாற்றினால் இலை கரைந்துவிடும். பயந்து பிடுங்கிப் போடாதீர்கள், வேர் இருந்தால் மறுபடி துளிர்க்கும். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். அதற்கு மேல் எரித்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

காசு கம்மியா? மணி பிளாண்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணியில் படும்படி தொட்டி ஓரத்தில் தொங்கவிடுங்கள். கங்கோங் தண்டும் நன்றாக வேர் விடும். இரண்டும் நைட்ரேட்டை நன்றாகவே இழுக்கும்.

மீன்: நாங்கள் எடுத்தது ஆறு ஹார்லிகுவின் ரஸ்போரா. உடம்பில் கறுப்பு முக்கோணம் போட்ட சின்ன மீன். தீபகற்ப மலேசியாவின் காட்டோடைகள் அதன் சொந்த ஊர்களில் ஒன்று. கூட்டமாக வாழும் இனம், ஒன்று இரண்டு வாங்கினால் மிரளும். கிரிப்டோகோரைன் போன்ற செடிகளின் இலைக்கு அடியில் முட்டை ஒட்டும். கப்பியும் ஆரம்பிப்பவருக்கு நல்ல மீன், ஆனால் மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வாங்குமுன் யோசியுங்கள். சண்டை மீன் காற்றையும் மூச்சாக இழுக்கும் என்பதால் ஜாம் போத்தலிலும் உயிரோடு கிடக்கும். உயிரோடு கிடப்பது வேறு, நன்றாக வாழ்வது வேறு. அதன் செவுளையும் அம்மோனியா அரிக்கத்தான் செய்யும்.

வாங்கி வந்த பையை அப்படியே தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேருங்கள். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணியைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

இறால்: செர்ரி இறால் பாசியையும் மிஞ்சிய தீனியையும் மேய்ந்துகொண்டே இருக்கும். தொட்டிக்கு இரண்டு மூன்று மாதம் ஆன பிறகே விடுங்கள். அது மேய்வதற்கு மெல்லிய பாசிப் படலம் வேண்டும். அடிக்கடி சட்டை உரிக்கும். தொட்டியில் வெள்ளையாகத் தோல் கிடந்தால் இறால் செத்துவிட்டது என்று பதறாதீர்கள். அந்தத் தோலை எடுக்கவும் வேண்டாம், இறாலே தின்னும். முட்டையைத் தாய் வயிற்றுக்கு அடியில் சுமக்கும். மூன்று நாலு வாரத்தில் அம்மாவைப் போலவே குட்டி இறால் வெளியே வரும். ஒன்றை நன்றாக ஞாபகம் வையுங்கள்: செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் எமன். மீன் மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கிறது. லேபிளைப் படிக்காமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

நத்தை: பலர் நத்தையை எதிரியாகப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஒரு மீட்டர். நத்தை திடீரென்று நூறாகப் பெருகினால், நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். தீனியைக் குறைத்தால் நாளடைவில் அதுவும் குறையும். மலாயன் டிரம்பெட் நத்தை பகலில் மண்ணுக்குள் புகுந்து கிளறிவிடும், ராத்திரி வெளியே வரும். பேரிலேயே நம்ம நாடு இருக்கிறது.

6. வாரம் ஒரு தடவை: ஒரு சின்னக் கணக்கு

பாக்டீரியா நைட்ரேட்டோடு வேலையை முடித்துக்கொள்ளும். செடி எடுத்தது போக மிச்சத்தை நாம்தான் வெளியேற்ற வேண்டும். எவ்வளவு தண்ணி மாற்றுவது?

உங்கள் தொட்டியில் வாரத்துக்கு 10 பிபிஎம் நைட்ரேட் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் 25 சதவீதம் தண்ணி மாற்றினால், நைட்ரேட் ஏறிக்கொண்டே போய் 40-இல் நிற்கும். எப்படி? 40-இல் கால்வாசி 10. வாரம் கூடுவதும் 10, போவதும் 10. பாதித் தண்ணி மாற்றினால் 20-இல் நிற்கும். 10 சதவீதம் மட்டும் மாற்றினால் 100 வரை ஏறும். "நான்தான் வாரா வாரம் மாத்துறேனே" என்று சொல்கிறவர்கள் எவ்வளவு மாற்றுகிறோம் என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கால்வாசி மாற்றுகிறோம். செடி நிறைய இருப்பதால் அதுவே போதுகிறது. எடுத்த பழைய தண்ணி கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. அதற்கு முன்னால், அந்தப் பழைய தண்ணி வாளியிலேயே ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை இரண்டு தடவை அமுக்கி எடுத்துவிட்டுத் திரும்ப வைப்போம். பழுப்பு நிறம் போகக் கூடாது, போகவும் தேவையில்லை.

தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் விரதம். மீன் நம்மைப் பார்த்ததும் ஓடி வருவது பசியால் மட்டும் இல்லை, பழக்கத்தாலும்தான். பாவம் பார்த்துப் போடும் அந்தக் கூடுதல் சிட்டிகைதான் நிறையத் தொட்டிகளைக் கெடுக்கிறது.

7. போதும் என்றானபின்

ஒரு நாள் தொட்டி வேண்டாம் என்று தோன்றலாம். அப்போது ஆற்றிலோ, ஏரியிலோ, கோயில் குளத்திலோ, லோங்காங்கிலோ மீனை விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்தாலும் அது தீங்குதான்.

கண்ணாடிப் பாசியைத் தின்னும் என்று விரல் நீளத்தில் விற்கிறார்களே, இக்கான் பண்டாராயா, அது தென்னமெரிக்க மீன். ஒரு முழம் வரை வளரும். தொட்டி கொள்ளாமல் போனதும் பலர் ஆற்றில் விட்டார்கள். இன்று கிள்ளான் ஆற்றில் அது கூட்டம் கூட்டமாக இருக்கிறது. கரையைக் குடைந்து வளை தோண்டும், உள்ளூர் மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நெல் வயலை அழிக்கும் கோண்டாங் எமாஸ் நத்தையும் வெளியிலிருந்து மனிதர் கொண்டுவந்ததுதான். வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள். வெட்டிய செடியைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இந்தக் கட்டுரை எழுதும்போது தம்பியின் தொட்டிக்கு ஏழு மாதம். ஆறு ரஸ்போராவும் இருக்கின்றன. பத்து இறால் வாங்கினோம், இப்போது எண்ண முடியவில்லை. கண்ணாடியின் பின்பக்கம் பச்சையாகத்தான் இருக்கிறது, அதை நான் தொடுவதில்லை.

அன்று போனில் "கடைக்காரர் மேல தப்பில்லடா, அக்காதான் தெரியாம கொன்னுட்டேன்" என்று சொன்னபோது, அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப அந்த அங்கிள்கிட்ட சாரி சொல்லணும்ல? நான் ஃபிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் அவரு ஏமாத்துறவருனு சொல்லிட்டேன்" என்றான். அடுத்த லீவில் இருவரும் அந்த பாசார் மாலாமுக்குப் போய்ச் சொன்னோம். அவருக்கு எங்களை ஞாபகமே இல்லை. சிரித்துவிட்டு, மாஸ் ஒரு பிடி சும்மா கொடுத்தார்.

குழுவில் கலந்து பேச:

1. ஒரு நண்பர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் கறுத்துவிட்டது என்று புதுசு வாங்கி மாற்றப் போகிறார். என்ன சொல்வீர்கள்? பழையதைத் தூக்கிப் போடாமல் எப்படி மாற்றலாம்?

2. உங்கள் தொட்டியில் வாரம் 6 பிபிஎம் நைட்ரேட் கூடுகிறது. 30 சதவீதம் தண்ணி மாற்றினால் எந்த அளவில் போய் நிற்கும்?

3. பாட்டியின் தொட்டியில் நூறு கோல்டு ஃபிஷ் விட்டால் என்ன ஆகும்? பாசியும் செடியும் காப்பாற்றுமா?

4. காரணம் தெரியாதபோது நாம் யார் மேல் பழியைப் போடுகிறோம்? உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

இந்த மாதப் பயிற்சி: வீட்டிலோ அக்கம் பக்கத்திலோ தொட்டி வைத்திருப்பவர் ஒருவரைப் பாருங்கள். நீளம், அகலம், தண்ணியின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுங்கள். வருவது லிட்டர். உள்ளே எத்தனை உயிர் இருக்கிறது, கடைசியாக ஸ்பாஞ்சை எந்தத் தண்ணியில் கழுவினார்கள் என்று கேட்டு எழுதி, அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள்.